மாமா பெயரில் வந்த படம்

1

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகப் பார்த்தார். நான் செய்த குற்றம், அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் திரும்பத் திரும்பக் கேட்டது. வாசலில் ஒருமுறை கேட்டாயிற்று. கண்ணில் சொட்டு மருந்து விடும்போது கேட்டாயிற்று. கேமராவின் முன்னால் மோவாயை வைத்த பிறகும் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "இங்கே உட்கார்ந்திருக்கும்போதே நான் வேறு ஆளாகிவிடுவேனா?" என்றார். ஆகலாம் ஐயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். முறைத்துக்கொண்டே சொன்னார். படம் எடுத்தேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்தில். சர்க்கரை நோய் உள்ளவர்களின் கண்ணுக்கு உள்ளே படம் எடுப்பதும், அந்தப் படங்களைப் பார்த்துத் தரம் பிரிப்பதும் என் வேலை. சர்க்கரை கண்ணைக் கெடுக்கும்போது சத்தம் போடாது. வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. மங்கிய பிறகு ஓடி வருகிறவர்களுக்கு மருத்துவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அதனால் நன்றாகத் தெரிகிற காலத்திலேயே வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் போகிற பேட்டை, நகரத்தின் வசதியான பக்கம் இல்லை. டாக்சி ஓட்டுகிறவர்களும், கிடங்குகளில் பெட்டி தூக்குகிறவர்களும், வேலை போனவர்களும் நெருக்கியடித்துக் குடியிருக்கிற இடம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் வராமலே இருந்துவிடுவார்கள். ஆகவே கேமரா அவர்களிடம் போகிறது. மற்ற நாட்களில் பிள்ளைகள் கராத்தே பழகுகிற ஒரு கூடத்தில் அதை வைத்துக்கொண்டு உட்காருவேன். மீதி நாட்களில் அலுவலகத்து இருட்டறையில், யாரோ எங்கோ எடுத்த கண்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். முகம் வராது. குரல் வராது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் கிளை பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள், அவ்வளவுதான். உள்ளே பார்த்து இது ஆணா பெண்ணா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வந்த புதிதில் இந்த ஊர் பாஷை என் வாயில் ஒழுங்காக நிற்கவில்லை. நம் ஊரில் கேட்பதுபோல "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். எதிரில் இருந்தவர் டீ வரப்போகிறது என்று நினைத்து, "இரண்டு கரண்டி" என்றார். அறையில் இருந்தவர்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது எல்லாம் பழகிவிட்டது. பெயர் கேட்பதில் மட்டும் நான் கடுமை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

2

என் அக்கா தனலட்சுமி கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். டவுன் முடிந்து கரும்புக் கொல்லை ஆரம்பிக்கிற இடத்தில், தண்ணீர் லாரி வந்தால்தான் குடத்தில் தண்ணீர் என்றிருக்கிற ஒரு நகர். அவள் கணவர் கோவிந்தன் மாமா. சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு ஓட்டுகிறவர். அரவைக் காலத்தில் மில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசையை விட்டு நகர்ந்தால் முறை போய்விடும், அதனால் டிரெய்லருக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார். வீட்டுக்கு வருவது மழை வருகிற மாதிரி, எப்போது என்று சொல்ல முடியாது.

மாமாவுக்கு ரொம்ப வருஷமாகச் சர்க்கரை. அதை அவருக்குப் பதிலாக அக்காதான் பார்த்துக்கொள்வாள். மலை மேல் இருக்கிற கரியாலூரிலிருந்து இறங்கி வருகிற ஓர் அம்மாவிடம் சாமை வாங்கிச் சமைப்பாள். தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு மில்லுக்கே பஸ்ஸில் போவாள். மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் அவருடைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வருவாள். ரேஷன் கடையில் யார் நின்றால் என்ன, அட்டை ஒன்றுதானே? அதே மாதிரி மாத்திரைக்கும் அவள் நின்றாள். நர்சுகளும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றால் மாத்திரையே போகாது என்று அவர்களுக்குத் தெரியும்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது நான் மாமாவைப் பிடித்த பிடியில் விழுப்புரத்துக்கு இழுத்துப் போய்க் கண்ணைச் சோதிக்க வைத்தேன். ஆரம்பக் கட்டம், பயமில்லை என்றார்கள். அந்தப் படத்தை என் போனில் வாங்கி வைத்துக்கொண்டேன். தொழில் புத்தி. அக்காவும் கூட வந்திருந்தாள். வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீயும் பாத்துக்கோயேன்கா" என்று நானும் கேட்டேன்தான். "எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கறன்" என்று சொல்லிவிட்டாள்.

3

அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை. என் மகள் அனு எதிரில் உட்கார்ந்து ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் அழைப்பு வந்தது. பெரியம்மாவிடம் பேசு என்று நீட்டினேன். "ஹாய் பெரியம்மா, நல்லா இருக்கேன்" என்று, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளினாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த அளவில் நின்றுவிடுகிறது. அதற்கு யாரை நோவது?

"சுமதி, ஒரு போட்டோ அனுப்பி இருக்கறன் பாரு," என்றாள் அக்கா. "இங்க கண்ணு முகாம் போட்டாங்கோ. பெரிய ஊருக்குப் படத்த அனுப்பி அங்க டாக்டரு பாத்து சொல்வாராம். உங்க மாமாவுத பாத்துட்டு, ஒடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு எனக்குப் போன் வந்துது, படமும் வந்துது. நீ இதுலதான வேலை செய்யற? இன்னான்னு சொல்லேன்."

படத்தைத் திறந்தேன். திறந்த கையோடு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். இரண்டு கண்ணிலும் ரத்தப் புள்ளிகள், மஞ்சள் படிவுகள். இடது கண்ணில் முளைக்கக் கூடாத புதுக் குழாய்கள் மெல்லிய வேர் மாதிரி படர்ந்திருந்தன. ஓரிடத்தில் உடைந்து கசிந்தும் இருந்தது. விழுப்புரத்தில் பயமில்லை என்று சொன்ன மனிதருக்கு ஒரே வருஷத்தில் இப்படியா என்று எனக்கு ஆத்திரம். ஆத்திரம் வந்தால் நான் சுற்றி வளைக்காமல் பேசிவிடுவேன்.

"மோசமா இருக்குக்கா."

"மோசம்னா? கண்ணாடி போட்டா சரியா பூடுமா?"

"கண்ணாடியெல்லாம் தாண்டியாச்சு. வைத்தியம் பாக்கலனா பார்வை போயிடும்."

"ரெண்டுமா?" என்றாள்.

"இடது இப்பவே ரொம்பக் கெட்டுப்போச்சு. வலது கண்ணக் காப்பாத்தலாம். லேசர் வெக்கணும், சீக்கிரமா."

"கண்ணு முன்னால கருப்பா நூலு நூலா ஓடுதுன்றாரு."

"ஓடும். உள்ள ரத்தம் கசியுது இல்ல?"

"முழுசா போறதுனா வலிச்சுப் போவுமா, சும்மா போவுமா?"

"வலியே இருக்காதுக்கா. ஒருநாள் எழுந்திரிச்சா தெரியாது, அவ்வளவுதான். மாசக்கணக்கு ஆனாலும் ஆகலாம், நாளைக்கேன்னாலும் நாளைக்கே. நீ முதல்ல அவர வண்டி எடுக்க வுடாத."

"சரிடி," என்றாள். "அடுப்புல கொழம்பு இருக்குது, வெக்கறன்."

அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்கு அது அதிசயமாகவும் இல்லை. மாமாவின் வியாதியை அவள் எப்போதும் இப்படித்தான் வாங்கிக்கொள்வாள்.

4

போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்துப் படத்தைத் தேடி எடுத்துக் கணினியில் போட்டு, புதுப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு சீக்கிரம் கெட்டிருக்கிறது என்று பார்க்கத்தான்.

கண்ணின் நரம்பு உள்ளே நுழைகிற இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் கிளம்பிப் பிரிந்து போகும். நோய் வந்தால் புள்ளி விழும், வீங்கும், கசியும். ஆனால் பெரிய குழாய்கள் பிரிகிற விதம் ஆளுக்கு ஆள் வேறு, கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கும். விழுப்புரத்துப் படத்தில் மேல் குழாய் நுழைந்த உடனே இரண்டாகப் பிரிந்தது. புதுப் படத்தில் நெடுந்தூரம் ஒற்றையாகவே போய்ப் பிறகுதான் பிரிந்தது. இடது வலது மாறிவிட்டதோ என்று அதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் ஒட்டவில்லை.

"இது மாமா கண்ணே இல்லை," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல. அனு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"அப்ப இது யாரோட கண்ணும்மா?"

முதலில் மாமாவுக்கு ஒன்றுமில்லை என்று வந்த நிம்மதி, அவள் கேட்டதும் ஓடிவிட்டது. முகாமில் படம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் கள்ளக்குறிச்சியில் எங்கோ ஒரு ஆள், உனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மாமாவின் நல்ல கண்ணைப் பார்த்துச் சொன்னதை நம்பி வீட்டில் இருக்கிறார். பார்வை போகப்போகிற ஆள் அவர். யார், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. கூலிக்காரராக இருந்தால் இந்நேரம் கொல்லையில் இருப்பார். முகம் தெரியாத கண்களைப் பார்த்தே வயிறு வளர்க்கிறவள் நான். ஆனாலும் அந்த ஆளை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை.

5

மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மத்தியானம் தாண்டிவிட்டிருந்தது.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு. அது மாமா கண்ணு இல்ல. வேற யாருதோ மாறி வந்திருக்கு. மாமாவ வுடு, அவருக்கு அப்புறம் பாத்துக்கலாம். அந்த முகாம்காரங்க நம்பர் குடு. அந்த ஆளு யாருன்னு ஒடனே தேடணும். அந்த ஆளுக்குத் தன் கண்ணு போய்க்கினு இருக்கறதே தெரியாதுக்கா."

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா? இருக்கறியா?"

"தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அந்த ஆளுக்குத் தெரியும்டி. அப்ப போன்ல நீதான சொன்ன."

எனக்கு உடனே புரியவில்லை என்று எழுதினால் நம்புவீர்களா? பிறகு புரிந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அனு பயந்துபோய் என் கையிலிருந்த போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேடை மேல் வைத்தாள்.

அக்கா சொன்னது இது. முகாமுக்கு முந்தின வாரமே டோக்கன் கொடுத்தார்கள், மாமா பெயரில். அன்றைக்கென்று அவருடைய வண்டி மில் வாசலில் மாட்டிக்கொண்டது. டோக்கன் வீணாகப் போகிறதே என்று இவள் எடுத்துக்கொண்டு போனாள். மாத்திரை வாங்குகிற மாதிரி ஏதாவது நடக்கும் என்று நினைத்தாள். வரிசையில் நின்று உள்ளே போன பிறகுதான் கண்ணைக் காட்ட வேண்டும் என்று தெரிந்தது.

"அந்தப் பொண்ணு பேரு கேட்டுது. அவரு பேர நான் எப்டி சொல்றது? டோக்கன நீட்டனேன். அதுவே படிச்சிக்கினு, உக்காருமான்னுது. எனக்கும் கொஞ்ச நாளா ஒரு மாதிரி மசமசன்னு இருந்துது. சரி, வந்தது வந்தோம்னு உக்காந்துட்டன்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் ஒரு பொம்பளை பெயர் கேட்டதும் வாயைத் திறக்காமல் சீட்டை நீட்டினால், அதில் இருப்பது புருஷன் பெயர் என்று யாருக்கும் தெரியும். இவளுடைய பெயர் எங்காவது பக்கத்தில் இருக்கும் என்று நினைத்திருப்பாள். பின்னால் அவ்வளவு கூட்டம் நிற்கும்போது நானாக இருந்தாலும் டோக்கன் நம்பரைத்தான் பார்த்திருப்பேன்.

"உனக்குச் சர்க்கரை இருக்கா? எப்பவாவது பாத்தியா?"

"ஒருவாட்டி மாத்திரை வாங்கப் போனப்ப நர்சம்மா குத்திப் பாத்தாங்கோ. ஜாஸ்தியா இருக்குது, மறுபடி வான்னாங்கோ. அது ஆச்சு நாலஞ்சு வருசம்."

"நீ போகலையா?"

"அவரு மாத்திரைல நானும் பாதி பாதி போட்டுக்கினு இருந்தேன். கம்மியா இருந்தா அவருக்கு மட்டும்."

"ஏன்கா என்கிட்ட சொல்லல? இன்னைக்கி காலைல கூட அவருதுன்னுதான சொன்ன?"

"என்னுதுன்னு சொன்னா நீ மழுப்புவ. அழுவ. அவருதுன்னாதான் உள்ளத சொல்லுவ," என்றாள். பிறகு, "ஒரு வூட்டுக்கு ஒரு சக்கரக்காரரு போதும்டி. நானும் படுத்துட்டா யாரு யாருக்கு சோறு போடறது?" என்றாள்.

காலையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்தது. வலியே இருக்காது. நாளைக்கேன்னாலும் நாளைக்கே. அவள் அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய் என்ன செய்திருப்பாள்? குழம்பைத்தான் இறக்கியிருப்பாள்.

6

அன்றே விமானம் ஏறியிருப்பேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அனுப்பியிருந்தேன். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை இந்த நாட்டு அலுவலகங்கள் இன்னும் நம்ப மறுக்கின்றன. அப்பா பெயரை அந்த இடத்தில் போட்டதில் இங்கே எல்லோரும் என்னைத் திருமதி ராமசாமி என்று அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இந்த முறை ஒரு தாளில் முதலெழுத்து, இன்னொரு தாளில் முழுப் பெயர் என்று திருப்பிக் கேட்டு எழுதினார்கள். என் அக்காவுக்குக் கண் போகிறது என்று போனில் சொன்னேன். வருந்துகிறோம் என்றார்கள். வருத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் வரவில்லை.

மாமாவிடம் நான்தான் சொன்னேன். மில் வாசலில் வரிசையில் இருந்தார். அவர் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. நான் சொல்லி முடித்தபோது, "எனக்குத்தானம்மா சக்கர?" என்றார். மறுபடியும் அதையே கேட்டார். பிறகு லோடோடு இருந்த டிராக்டரை வரிசையிலேயே வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். அரவைக் காலத்தில் அவர் வண்டியை விட்டு இறங்கிப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மறுநாள் அக்காவை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனார்.

அங்கே மாமாவுக்கும் பார்த்தார்கள். நோய் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, போன வருஷம் மாதிரியேதான் இருந்தது. சாமைச் சோறும் வேளை தவறாத மாத்திரையும் அவர் கண்ணைக் காப்பாற்றியிருக்கின்றன. அதை டாக்டர் சொன்னபோது மாமா வராந்தாவில் போய் நின்றுகொண்டாராம். அக்கா என்னிடம் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

அவளுக்கு லேசர் வைத்தார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஊசி போட்டுப் பார்த்தார்கள், திரும்பவில்லை. இப்போது அவளுக்கென்று தனிச் சீட்டு இருக்கிறது. மாமா தன் சீட்டையும் அவள் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் மாத்திரை வாங்குகிறார். அரவை இல்லாத மாதங்களில் சமைக்கவும் செய்கிறார் என்றும், வாயில் வைக்க முடியவில்லை என்றும் கேள்வி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டேன். போனை எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேச்சுக்கு நடுவில் இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"டாக்டரு சொன்னது. டெய்லி ஒவ்வொரு கண்ணா மூடி, ஒரே எடத்தப் பாக்கணுமாம். வித்தியாசம் தெரிஞ்சா ஓடியாரணுமாம். பேசாத, பாத்துக்கறன்."

பேசாமல் இருந்தேன்.

"நல்லா தெரியற. தலையெல்லாம் நரச்சுப்போச்சு உனக்கு. அழுதுகினு வேற இருக்கற."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கிட்டே வந்தாள், திரை முழுக்க அவள் முகமாக இருந்தது.

"இப்பக்கா?"

"இப்ப நீ இல்ல. உன் கொரலுதான் இருக்குது," என்றாள். கையை எடுக்கவில்லை. "பேசிக்கினே இரு."